டொக்டர், நான் இந்தப் பக்கம் இருக்கிறேன்

கண் தெரியாத ஒருவர் இரகசியம் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. வங்கியில் இருந்து கடிதம் வந்தால் அதை உடைத்து வாசிப்பவர் வேறொருவர். மருந்துத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்பவர் பார்மஸிக்காரர், அதுவும் கடையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஏடிஎம்முக்குப் போனால் இரகசிய எண்ணை அக்காவின் காதில் சொல்ல வேண்டும். போன் எனக்காக வாசிக்கும், உண்மைதான். ஆனால் 100 ஆம் நம்பர் பஸ்ஸில் இயர்போன் கழன்றுவிட்டால் பாணந்துறை வரைக்கும் போகிற சனம் முழுக்க என் வட்ஸ்அப்பைக் கேட்கும்.

சத்தத்தை அடக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் இருப்பவர் திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டு வரலாமே என்பது ஒரு சிநேகிதி சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்ட்ரொயிட் போனில் திரையை வாசித்துச் சொல்கிற டோக்பேக்கில் திரையை இருட்டாக்கி வைக்கும் வசதி ஒன்று இருக்கிறது, ஐபோனிலும் உண்டு. போன் வேலை செய்யும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். இப்போது நான் கறுத்த கண்ணாடித் துண்டு ஒன்றைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, "மிஸ், போன் ஓஃப்" என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு. நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்து தடவுவேன்.

கண் தெரியாதவர்களின் மனநலம் பற்றிப் பேச வருகிறவர்கள் தைரியம், தன்னம்பிக்கை, ஏற்றுக்கொள்ளல் என்று பெரிய இடத்தில் இருந்து தொடங்குகிறார்கள். எனக்கு வந்த சிக்கல் அதைவிடச் சின்னது. மனசில் இருப்பதை, சொல்ல வேண்டிய ஆளிடம், மூன்றாவது ஆள் இல்லாமல் சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகைகூட வரவில்லை என்று ஆனபோது அக்காதான் என்னை ஒரு அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடியவே போய் நம்பர் எடுத்து, மதியம் ஆகும்போது உள்ளே கூப்பிட்டார்கள். நான் கதிரையில் இருந்தேன். அக்கா பின்னால் நின்றார். டொக்டர் முதல் கேள்வியைச் சிங்களத்தில் என் தலைக்கு மேலால் அனுப்பினார்: "மெயாட்ட நிந்த யனவத?" இவவுக்கு நித்திரை வருதா என்று அக்காவைக் கேட்கிறார். அக்கா வேறு அறையில் படுக்கிறவர், படுத்தால் விடியும்வரை குறட்டை விடுகிறவர். ஆனாலும் பதில் சொன்னார்.

டொக்டர் நல்லவர்தான். குரலில் அவசரம் இருந்தது, அலட்சியம் இல்லை. கண்ணைப் பார்த்துக் கதைத்துப் பழகியவர்கள், கண் சந்திக்காத ஆளை விட்டுவிட்டுச் சந்திக்கிற ஆளிடம் போய்விடுகிறார்கள். வெள்ளவத்தைச் சேலைக் கடையிலும் இதுதான் நடக்கும். "இவவுக்கு என்ன கலர் பிடிக்கும்?" கடையில் அதைச் சிரித்துக் கடக்கலாம்.

பிறகு ஒரு படிவம் தந்தார்கள். பிஎச்கியூ-9 என்பார்கள், மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுவது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்தில் இருந்து மூன்று வரை புள்ளி, மொத்தம் 27. படிவம் கடதாசி, ஆகவே அக்கா வாசித்தார், வராந்தா வாங்கில் இருந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்க. ஏழாவது கேள்வி: பத்திரிகை வாசிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ மனதை ஒருமுகப்படுத்தக் கஷ்டமாக இருக்கிறதா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன போட?" என்று அக்கா கேட்டார். மூன்று போட்டால் என் கண் நோய்க்கு மனநோய்ப் புள்ளி கிடைத்துவிடும். பூச்சியம் போட்டால் அதுவும் பொய், ஏனென்றால் வானொலிச் செய்தியில் இரண்டு வரிக்கு மேல் என்னால் நிற்க முடியாமல் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. அக்கா அந்த வரியைப் பாதியில் நிறுத்தினார். குரல் இறங்கியது. "அப்படி ஒண்டும் இல்லைத்தானே, பிள்ளை?" என்று தானே சேர்த்துக் கேட்டார். இல்லை என்றேன். அப்பா போன பிறகு வீட்டை ஒற்றை ஆளாகத் தாங்கிய அக்காவிடம், நோயாளிகள் நிறைந்த வராந்தாவில், வேறு என்ன பதில் சொல்வது? பூச்சியம் போட்டார். அந்தப் பூச்சியம் இன்றும் என் கோப்பில் இருக்கும்.

அந்தப் படிவத்தைப் பார்த்து டொக்டர் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்: கண் போனால் மனம் உடையும்தானே, கொஞ்சக் காலம் எடுக்கும். இதைச் சொல்லாதவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் இல்லை. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் இந்த ஒரு வசனம் மற்ற எல்லாக் கேள்விகளையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பார்வை போனவருக்குத் துக்கம் வரும், வரத்தான் வேண்டும். துக்கம் ஒன்று, மாதக்கணக்காக எழும்ப விடாத மனச்சோர்வு இன்னொன்று. இரண்டாவதற்கு வைத்தியம் இருக்கிறது. கண் தெரிந்த ஒருவர் அதே அறிகுறிகளோடு போனால் வேலை, குடும்பம், தைரொயிட் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எங்களுக்குக் காரணம் முகத்திலேயே எழுதியிருக்கிறதாம்.

அப்படிக் கேட்கப்படாமல் போன இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு க்ளோகோமா. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய். முதலில் ஓரப் பார்வை போகும். நடுப் பார்வை கடைசிவரை நிற்பதால் ஆளுக்கே தெரியாது; காலி வீதி நடைபாதையில் நிறுத்தியிருக்கிற மோட்டார் சைக்கிள்களில் ஏன் இவ்வளவு இடிபடுகிறோம் என்று மட்டும் யோசிப்போம். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தும் சத்திர சிகிச்சையும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். எனக்கு மிச்சமும் நிற்கவில்லை.

அந்த மிச்சம் போய்க்கொண்டிருந்த காலத்தில் சுவரில் ஆட்கள் தெரியத் தொடங்கினார்கள். சின்ன ஆட்கள், முழங்கால் உயரம்கூட இல்லை. பச்சைச் சட்டை, செம்மஞ்சள் சட்டை, தலையில் தொப்பி. வரிசையாக நடந்து அலுமாரிப் பக்கம் போவார்கள். சத்தமே இல்லை. என்னைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். சில நாள் ஆட்களுக்குப் பதில் தரை முழுக்கச் சதுரம் சதுரமாகக் கோடுகள் வரும். என்னைப் பயப்படுத்தியது அவர்களின் தெளிவு. பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம் எனக்குப் புகையாகத்தான் தெரிந்தது. இல்லாத அந்த ஆட்களின் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

அம்மாவிடம் பாதி சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமையே பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் அர்ச்சனை, கையில் நூல். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிப் பகிடிகள் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். சுவரில் ஆள் நடக்கிறது என்று சொன்னால் அடுத்த பகிடி நான்தான்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது: ஷார்ல் பொனே சிண்ட்ரோம். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பொனே, பார்வை குன்றிய தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760 இல் எழுதி வைத்தார். தாத்தாவுக்கு மூளை தெளிவாகத்தான் இருந்தது. கண்ணில் இருந்து வரவேண்டிய செய்தி குறைந்துபோனால், பார்வைக்கென்று மூளையில் உள்ள பகுதி சும்மா இருக்காமல் தானே படம் போடத் தொடங்குகிறது. அன்டெனா கழன்ற பழைய டிவியில் தானாகப் புள்ளிகள் ஓடுவதுபோல, இங்கே புள்ளிக்குப் பதில் தொப்பி போட்ட ஆட்கள். இது பைத்தியம் இல்லை. அவை உண்மையில்லை என்று பார்க்கிறவருக்கே தெரியும், காட்சி மட்டும்தான், குரல் கேட்காது. குரல் கேட்டாலோ, அவர்கள் ஏதாவது செய்யச் சொன்னாலோ அது வேறு விஷயம், உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். மற்றப்படி, லைட்டைப் போடுவது, கண்ணைச் சிமிட்டுவது, இடம் வலமாக ஆட்டுவது, எழும்பி நடப்பது இதெல்லாம் சிலருக்கு உதவுகிறது. எனக்கு எழும்பி நடந்தால் போய்விடுவார்கள். பலருக்குக் காலப்போக்கில் குறைந்துவிடும் என்கிறார்கள். எனக்கும் குறைந்தது. வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்கிற வயதானவர்கள் கொழும்பில் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ. உங்கள் அம்மம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதா? ஒரு நாள் தனியாக இருக்கும்போது, "சிலருக்கு இப்படித் தெரியுமாம்" என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது நித்திரை. பார்வை முழுதாகப் போன பிறகு என் நித்திரை வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நாள் ஒழுங்காக வரும். பிறகு ஒவ்வொரு நாளும் பிந்தும். அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம், இரவு முழுக்க விழிப்பு. மறுபடி ஒழுங்கு. மனச்சோர்வு என்று எழுதினார்கள், நித்திரைக் குளிசை தந்தார்கள். உண்மையில் நம் உடம்புக் கடிகாரம் 24 மணித்தியாலத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதை ஒவ்வொரு நாளும் சரிசெய்து வைப்பது கண்ணுக்குள் போகிற வெளிச்சம். வெளிச்சமே உணராத கண் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தக் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடுகிறது. 24 மணிநேரத்துக்கு அமையாத நித்திரைக் கோளாறு என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. குறித்த நேரத்தில் எடுக்கிற மெலடோனின்தான் அதற்குப் பெரும்பாலும் முயன்று பார்ப்பது, டொக்டரைக் கேட்டுத்தான். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், படுக்கிற நேரத்தையும் எழும்புகிற நேரத்தையும் போனில் குரலாகப் பதிந்து வைத்தது. அதைக் கேட்கச் செய்த பிறகு யாரும் "டென்ஷன்" என்று சொல்லவில்லை.

ஆனால் அதைக் கேட்கச் செய்ய முதலில் அறைக்குள் என் குரல் போக வேண்டுமே. என் சிங்களம் பஸ்ஸுக்குப் போதும், மரக்கறி வாங்கப் போதும், வீட்டுச் சொந்தக்காரரோடு தண்ணீர் பில்லுக்குச் சண்டை பிடிக்கவும் போதும். நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லப் போதாது. தமிழ் 1987 இல் இருந்து ஆட்சிமொழிதான், கிளினிக் வாசலில் மூன்று மொழியிலும் பலகை இருக்கிறது. அதையும் எனக்கு யாராவது வாசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே என் பேச்சு இரண்டு தடவை கைமாறுகிறது. கண்ணுக்காக ஒருவர், மொழிக்காக ஒருவர். பெரும்பாலும் இரண்டும் அக்காதான். அவரைப் பற்றியே நான் முறையிட வேண்டும் என்றால்?

இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியவள் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த ஒரு சிநேகிதி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். நான் இழந்ததை நினைத்து அழும்போது அவளுக்கு அது பாதிதான் விளங்கும். அவள் எதையும் இழக்கவில்லை. எங்கள் இருவரையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் வரும். கதையைக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "நீர் ஏன் அக்காவைக் கதைக்க விடுகிறீர்?"

அவள் சொன்ன திட்டம் டொக்டரைத் திருத்துவது இல்லை, கூடப் போகிறவரைப் பழக்குவது. வீட்டில் வைத்தே அக்காவிடம் பேசிக்கொண்டேன். கேள்வி வந்தால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. டொக்டர் உங்களைப் பார்த்தால் நீங்கள் என்னைப் பாருங்கள். அக்காவுக்கு முகம் சுருங்கியிருக்கும், குரலில் தெரிந்தது. "நான் உனக்கு வேண்டாமா இனி?" என்றார். அந்த வாக்குவாதத்துக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. தேத்தண்ணி ஆறிப்போய், மறுபடி போட்டுத்தான் முடித்தோம்.

அடுத்த கிளினிக்கில் வேறொரு டொக்டர். வழக்கம்போல் கேள்வி தலைக்கு மேலால் போனது. அக்கா அசையவில்லை. மறுபடி கேட்டார். மௌனம். மூன்றாவது தடவை குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், அக்காவுக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டார் போல. அப்போது நான் சொன்னேன்: "டொக்டர், நான் இந்தப் பக்கம் இருக்கிறேன். எனக்குக் காது கேட்கும். என்னைக் கேளுங்கள்." கதிரை திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் என் முகத்துக்கு நேரே வந்தது. அக்காவை வெளியே இருக்கச் சொல்லிக் கேட்டேன். தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸியை, அதாவது தாதியைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது கேள்விக்கு அன்றுதான் உண்மையான பதில் போனது. சுவர் ஆட்களும் அன்றுதான் வெளியே வந்தார்கள்.

கையில் ஒரு கடிதமும் கொண்டு போயிருந்தேன், போனில் நானே தட்டச்சு செய்து பிரிண்ட் எடுத்தது, ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. என் கண் நோய், போடுகிற சொட்டு மருந்துகள், நித்திரைக் கணக்கு, எனக்குத் தேவையானது. கண் கிளினிக்கும் மனநலக் கிளினிக்கும் தங்களுக்குள் கதைப்பதில்லை. செய்தி கொண்டு போகிற தபால்காரர் நோயாளிதான். இது மரியாதை பற்றிய விஷயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள், க்ளோகோமாவில் ஒரு வகையினருக்குக் கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடக்கூடும். மறுபக்கம், க்ளோகோமாவுக்குப் போடுகிற டிமொலோல் சொட்டு மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலில் மனச்சோர்வும் இருக்கிறது. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இரண்டு டொக்டரிடமும் இரண்டு பட்டியலையும் காட்டுங்கள். குளிசை மட்டைகள் தடவினால் எல்லாம் ஒன்றுதான். இரவு மட்டைக்கு நான் ரப்பர் பாண்ட் போட்டு வைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: வலுவிழந்தவர்களின் உரிமைகளுக்கென்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 22 ஆவது உறுப்புரை எங்கள் உடல்நலத் தகவல்களின் அந்தரங்கத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போய், பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்ற உத்தரவை 2011 இல் பெற்றார். அந்த மனிதருக்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் சாய்தளத்தைப் படம் பிடிக்கலாம், ரிப்பன் வெட்டலாம். ஒரு நோயாளி தனியாகக் கதைத்ததை யாரும் படம் பிடிக்க முடியாது, அதனால்தானோ என்னவோ அது எந்தத் திட்டத்திலும் வருவதில்லை.

எல்லா நாளும் இப்படி நிமிர்ந்து நிற்க முடியுமா என்றால், முடியாது. வெள்ளவத்தையில் வீதி கடக்க நிற்கும்போது திடீரென்று ஒரு கை வந்து என் கையைப் பிடித்து இழுக்கும். நெஞ்சு தூக்கிவாரிப் போடும். "உங்கள் முழங்கைக்கு மேல் நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் அரை அடி முன்னால் நடவுங்கள்" என்று சொல்லிக் கொடுப்பேன். சில நாள் சொல்லிக் கொடுக்கத் தெம்பு இருக்காது, இழுபட்டே போவேன். பஸ்ஸில் கொண்டக்டர் "அனே பவ், மிஸ்ட சீட் எகக் தென்ன", ஐயோ பாவம், மிஸ்ஸுக்கு ஒரு சீட் கொடுங்கள், என்று கத்தினால், பாவம் என்ற சொல்லுக்கு வகுப்பெடுக்க வேண்டிய நாளும் உண்டு, பேசாமல் சீட்டை வாங்கி இருந்துவிடுகிற நாளும் உண்டு. இரண்டாவது வகை நாட்கள்தான் அதிகம். உரிமை கேட்கிறவர் ஒவ்வொரு நிமிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் அதுவே ஒரு நோயாகிவிடும். "உங்களைப் பார்த்தால் எங்களுக்கு ஊக்கமாக இருக்கிறது" என்கிறவர்களிடம் இதைச் சொன்னால் ஏமாந்துபோவார்கள். சொல்லிவிடுங்கள்.

கிளினிக் வரைக்கும் போக முடியாத இரவுகளுக்கு 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். 1333 இலும் ஆலோசனை கிடைக்கும். எனக்குப் போன் பிடித்ததற்கு ஒரு காரணம், அதில் மறுபக்கம் இருப்பவருக்கும் என்னைத் தெரியாது. இரண்டு பேரும் சமம். யார் கூட வந்திருக்கிறார்கள் என்று கேட்க மாட்டார்கள். ஒன்பதாவது கேள்விக்கு உங்கள் பதில் பூச்சியம் இல்லை என்றால், அக்காவுக்குக் கேட்காத அறையில் இருந்து எடுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு ஒரு கோரிக்கை தயார். மருந்துப் பட்டியலையும் அடுத்த திகதியையும் கொப்பியில் கிறுக்குவதோடு நிறுத்தாமல் என் போனுக்கு எழுத்தாகவும் அனுப்ப வேண்டும், படமாக அனுப்பக் கூடாது, படத்தில் இருக்கிற எழுத்தை என் போன் ஒழுங்காக வாசிக்காது. அப்படி ஒரு நடைமுறை இல்லை என்பார்கள். பெரிய டொக்டரைக் கேளுங்கள் என்பார்கள். பெரிய டொக்டருக்கும் ஒரு பக்கக் கடிதம் அடித்து வைத்திருக்கிறேன், சிங்களத்திலும் தமிழிலும். சிங்களத்தை அக்காதான் பிழை திருத்தினார்.